தோள்பையும் வேலூர் பஸ்ஸும்

நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் தெருவில், வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு கதவைத் தட்டுகிறவர்கள் யாராயிருந்தாலும் அவர்கள் விருந்தாளிகள் அல்லர் என்பது எல்லாருக்கும் தெரியும். பூக்காரம்மாவும் கீரைக்காரம்மாவும் விடியற்காலையிலேயே வந்து போய்விடுவார்கள். கூரியர் கொண்டுவரும் பையன் வாசலில் நின்று போன் செய்வானே தவிரக் கதவைத் தொடமாட்டான். ஆகவே சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே கதவு தட்டுகிற சத்தம் கேட்டால், தோளில் கனத்த பையும் கழுத்தில் ஓர் அட்டையுமாக எதையோ விற்க வந்திருக்கும் ஒரு பிள்ளை வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். பல வருஷங்களாக நானும் ஜன்னலிலிருந்தே "வேண்டாம்பா" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தவன்தான். சென்ற வைகாசியில் அப்படிச் சொல்ல முடியாமற்போன ஒரு நாளைப் பற்றியும், அதற்குப் பிறகு விசாரித்தும் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றைப் பற்றியும் சற்று விரிவாகவே எழுத நினைக்கிறேன்.

அன்றைக்கு வந்தவனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். வேறு யாருக்கோ தைத்தது போலத் தோளிலிருந்து சரிந்த முழுக்கைச் சட்டை, கழுத்தை இறுக்கிய டை, முன்புறம் வாய் பிளந்த ஷூ, இவற்றோடு நின்றவன், கதவு திறந்த மாத்திரத்தில், "கேஸ் கம்பெனியிலேருந்து சேஃப்டி செக்கிங் வந்திருக்கோம் சார்" என்று தொடங்கி, மனப்பாடப் பாடத்தை ஒப்பிக்கிற மாணவனைப் போல மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போய், பாதியில் அடுத்த வாக்கியம் மறந்துபோக, அப்படியே நின்றுவிட்டான். முப்பத்துநான்கு வருஷம் வகுப்பறையில் நின்றவனுக்கு, பாடம் மறந்த பிள்ளையின் முகத்தையும் பசித்த பிள்ளையின் முகத்தையும் அடையாளம் தெரியாமல் போகாது. அவன் முகத்தில் இரண்டும் இருந்தன. என் மனைவி என்னை விலக்கிக்கொண்டு முன்னே வந்து, "உள்ள வந்து உக்காருப்பா, முதல்ல தண்ணி குடி" என்றாள். ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து, இன்னொரு சொம்பு கேட்கக் கூசி நின்றவனுக்கு அதையும் அவளே கொடுத்து, பிறகு மோர்ச்சோறும் மாவடுவும் வைத்தாள். பையை இறக்கும்போது சட்டை விலகியதில், வார் அழுந்திய இடம் கன்றித் தடித்துப்போயிருந்ததைப் பார்த்தேன்.

சாப்பிட்டு முடித்தபின் பையைத் திறந்து காட்டினான். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கேஸ் டியூப், ஒரு லைட்டர், பர்னரில் பொருத்தினால் மூன்றில் ஒரு பங்கு கேஸ் மிச்சமாகும் என்று சொல்லி விற்கப்படுகிற ஒரு பித்தளை வளையம்; மூன்றும் சேர்ந்த ஒரு 'செட்' 999 ரூபாய். டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கும் தென்படவில்லை. கேஸ் ஏஜென்சியின் பெயரைச் சொல்லிச் சமையலறைக்குள் நுழைந்து, இருக்கிற டியூப் வெடித்துவிடும் என்று வீட்டுப் பெண்களைப் பயமுறுத்தி இத்தகைய சரக்கைத் தலையில் கட்டுவது பழைய தந்திரம். முத்திரையுள்ள டியூப் நம்முடைய ஏஜென்சியிலேயே கிடைக்கும். கசிவு என்று சந்தேகம் வந்தால் 1906 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். "நீ கேஸ் கம்பெனி ஆளா தம்பி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல சார். அப்படித்தான் சொல்லணும்னு ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்தாங்க. இல்லன்னா யாரும் கதவைத் தொறக்கமாட்டாங்களாம்" என்றான். பொய்யைக் கற்பித்தவர்கள் குளிரூட்டிய அறையில் இருக்க, அந்தப் பொய் வெளிப்படும்போது அவமானப்பட்டு நிற்க வேண்டியவன் இந்தப் பிள்ளை.

குடியாத்தம் பக்கத்துக் கிராமம். தகப்பனார் லுங்கி நெய்கிறவர். பிளஸ் டூ தேறிவிட்டு அடுத்தது என்ன என்று திகைத்திருந்த சமயத்தில், "சென்னையில் ஆபீஸ் வேலை, மாதம் 18,000, சாப்பாடு, தங்குமிடம் இலவசம், முன்அனுபவம் தேவையில்லை" என்று செல்போனில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. அழைத்த அன்றே இன்டர்வியூவுக்குத் தேதி கொடுத்தார்களாம். படிப்பைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு கட்ட முடியும் என்பவைதாம் விசாரணை. ட்ரெயினிங், யூனிஃபார்ம், கிட் என்று மூன்று பெயர் சொல்லி 7,500 ரூபாய் கேட்க, அம்மாவின் தோடு அடகுக்குப் போய் அந்தத் தொகை வந்தது. அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் 'வெரிஃபிகேஷனுக்கு' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்பத்தூரில் ஒரு மாடியறை. அதில் பதினான்கு பேர். ஆபீஸ் வேலை என்பது மறுநாள் காலையில் தோள்பையாக மாறிவிட்டது.

என் மனைவி மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்லக் கணக்குப் போட்டோம். வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. விற்றது பதினொரு செட். ஒரு செட்டுக்குக் கமிஷன் 200 ரூபாய் வீதம் 2,200. விளம்பரத்தில் இலவசம் என்றிருந்த சாப்பாட்டுக்கும் அறைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 100 ரூபாய் பிடித்தம், அதில் போனது 1,900. மிச்சம் 300. அந்த முந்நூறும் கையில் வரவில்லை, வாரத்துக்குப் பத்து செட் டார்கெட்டைத் தொடாதவர்களின் கமிஷன் 'ஹோல்டு'. பஸ் செலவு அவனுடையது. வெயிலில் அலைந்த பத்தொன்பது நாளுக்கு வரவு எதுவும் இல்லாமல், வருவதற்கு முன்பே கட்டிய 7,500 மட்டும் செலவாக நின்றது. நோட்டில் அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மாதம் இருபது பிள்ளைகளைச் சேர்த்தாலே, ஒரு டியூபும் விற்காமல் அந்த ஆபீஸுக்கு ஒன்றரை லட்சம் வந்துவிடுகிறது. பிள்ளைகள் சலித்து ஓடினால் நஷ்டமில்லை. அடுத்த மே மாதத்தில் பிளஸ் டூ முடிவுகள் வரும், அடுத்த கூட்டம் வரும். நம் வாசலில் வந்து விற்கப்படும் அந்த 999 ரூபாய்ச் சரக்கு வெறும் சாக்கு. உண்மையில் விற்கப்படுவது 'வேலை' என்ற சரக்கு; அதை முதலில் வாங்கி ஏமாந்தவன்தான் நம்மை ஏமாற்ற அனுப்பப்படுகிறான்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்டதற்கு, அவன் சொன்ன பதிலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் தெரு முனையில், வெளிவட்டச் சாலையும் பெங்களூர் நெடுஞ்சாலையும் கூடுகிற இடத்தருகே நின்றால், கோயம்பேட்டிலிருந்து வருகிற வேலூர் பஸ்கள் சிறிது நேரத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். "இந்த ஏரியா குடுத்ததிலேருந்து தெனம் அந்த பஸ்ஸைப் பாக்கறேன் சார். ஏறினா சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். சர்டிபிகேட் அவங்ககிட்ட இருக்கு. அம்மாகிட்ட தோடு எங்கன்னு யாராச்சும் கேட்டா அம்மா என்ன சொல்லும்?" என்றான். இரண்டு பூட்டுகள், ஒன்று காகிதத்தால் ஆனது, ஒன்று வெட்கத்தால் ஆனது. இவை இருக்கிறவரை அறைக் கதவைத் தாழிட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

காலை ஏழரைக்கு அந்த ஆபீஸில் ஒரு கூட்டம் நடக்குமாம். எல்லாரும் வட்டமாக நின்று கைதட்டி, நேற்று அதிகம் விற்றவனைத் தோளில் தூக்கி, "நான் ஜெயிப்பேன்" என்று உரக்கக் கத்திவிட்டுத்தான் ஃபீல்டுக்குக் கிளம்ப வேண்டும். ஒன்றும் விற்காதவன் நடுவில் நிற்க, தன் குறை என்ன என்று அவனே எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். சரக்கு மோசம், விலை அநியாயம், வெயில் கொடுமை என்ற காரணங்கள் அங்கே செல்லா. 'உன் மனசுல பலமில்லை' என்ற ஒரே காரணம்தான் அங்கீகரிக்கப்படும். பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் தினமும் காலையில் இதைச் சொன்னால் அவன் நம்பிவிடுகிறான். தோற்றது தான்தான் என்று நம்பிய பிள்ளை, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று எப்படிப் புகார் செய்வான்? இதையும் விடக் கொடியது ஒன்று உண்டு. மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் 'டீம் லீடர்' ஆகலாம், பை தூக்க வேண்டாம், சேர்த்தவர்கள் விற்பதிலும் பங்கு வரும் என்கிறார்கள். இவனும் தன்னோடு படித்த ஒருவனைப் போன வாரம் அழைத்துவிட்டிருந்தான். அதைச் சொல்லும்போதுதான் முதன்முறையாக அவன் கண் கலங்கியது.

வீடு தேடி வந்து விற்கிற தொழிலை நான் குறைகூறவில்லை. என் சிறுவயதில் தவணைக்குப் புடவை கொடுக்கிறவர் மாதத்தின் முதல் வாரத்தில் சைக்கிளில் வருவார். பாத்திரக்காரர் பழைய பித்தளையை எடைபோட்டு எடுத்துக்கொண்டு எவர்சில்வர் கொடுப்பார். வளையல்காரர் பிரசவித்த வீட்டையும் சடங்கு வீட்டையும் விசாரித்துக்கொண்டு வருவார். சரக்கு அவர்களுடையது, லாபமும் அவர்களுடையது, சொன்ன சொல்லுக்கு அடுத்த மாதம் இதே வாசலில் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. கம்பெனிகளிலும் 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் போன்றவை, வாக்குவம் கிளீனரை வீட்டுக் கூடத்திலேயே ஓட்டிக் காட்டி விற்று, நல்ல பெயரும் எடுத்தன. மறுபடி அந்தத் தெருவுக்கே வரத் தேவையில்லாத முதலாளி, மறுபடி வரவே முடியாத பிள்ளைகளை அனுப்பி விற்கும்போதுதான் தொழிலின் தர்மம் முறிகிறது.

நம் நாட்டில் இதைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம், ஆள் சேர்ப்பதாலேயே பணம் வரும் என்று ஆசை காட்டுகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. நேரடி விற்பனையில் சேருகிறவரிடம் நுழைவுக் கட்டணமோ, செய்து காட்டும் சாதனங்களுக்கான விலையோ வாங்கலாகாது என்று 2016 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2021 டிசம்பர் 28 அன்று வெளியான நேரடி விற்பனை விதிகளோ, அடையாள அட்டையும் முன்அனுமதியும் இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது, பேச்சைத் தொடங்கும்போதே தான் யார், எந்த நிறுவனத்தின் சார்பில் எதை விற்க வந்திருக்கிறோம் என்ற உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று விதிக்கின்றன. இந்தப் பிள்ளையைக் கேஸ் கம்பெனி ஆள் என்று பொய் சொல்ல வைத்தார்களே, அந்த ஒரு வாக்கியமே விதிமீறல்.

ஆனால் இவ்விதிகளை நன்றாகப் படித்துப் பார்த்தால், வாங்குகிறவர்மீது வைத்த கவலையில் கால் பங்குகூட விற்கிறவன்மீது வைக்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். நேரடி விற்பனையாளர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர், சமநிலையில் ஒப்பந்தம் செய்துகொண்ட தனி வியாபாரி என்ற அடிப்படையிலேயே அவை எழுதப்பட்டிருக்கின்றன. பெரிய மனிதர் இருவர் பேசி முடித்துக்கொள்ளும் வியாபாரத்துக்கு அது பொருந்தலாம்; அம்மாவின் தோட்டை வைத்துப் பணம் கட்டிய பிள்ளைக்கும், அவன் சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டியவருக்கும் இடையே என்ன சமநிலை? மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளுக்கு நியமனக் கடிதமும் விடுப்பும் உறுதிசெய்ய 1976-லேயே தனிச் சட்டம் வந்துவிட்ட நாட்டில், வெயிலில் பை சுமக்கிறவனுக்குக் கூலி என்ற சொல்லே இல்லாமல் போனது அநியாயம். சான்றிதழ் விஷயத்தில் ஓர் ஆறுதல் உண்டு. கல்விச் சான்றிதழ் விற்கவும் அடகு வைக்கவும் உரிய பொருளன்று, அதைப் பாக்கிக்காகப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை கல்லூரிகளுக்கு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை, மாடியறைக் கம்பெனிக்கு எங்கிருந்து வரும்?

இது நம் ஊரோடு நிற்கிற விஷயமும் அன்று. 2024 ஜூனில் பீகாரின் முசாபர்பூரிலிருந்து வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். சமூக ஊடகத்தில் வேலை என்று அழைத்து, இருபதாயிரத்துக்கு மேல் பணம் கட்டச் சொல்லி, ஓர் அறையில் பலரோடு தங்கவைத்து, இன்னும் ஆள் சேர்த்தால்தான் சம்பளம் என்று சொல்லி, மறுத்தவர்களை அடித்தார்கள், பெண்களிடம் அதையும் மீறி நடந்துகொண்டார்கள் என்று ஓர் இளம்பெண் புகார் கொடுக்க, வழக்குப் பதிவானது. அமெரிக்காவிலோ இது பல தலைமுறையாக நடப்பது. பத்திரிகைச் சந்தா விற்பதற்கென்று வாலிபர்களை வேனில் ஏற்றிக்கொண்டு மாநிலம் மாநிலமாக அலையும் கூட்டங்கள் அங்கே உண்டு. 1999 மார்ச்சில் விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில் அருகே அப்படியொரு வேன் உருண்டு ஏழு பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் தகப்பனார், துக்கத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிடாமல் பத்து வருஷம் முயன்றார்; 2009-இல் அந்த மாநிலம், ஊர் ஊராக அனுப்பப்படும் விற்பனைக் குழுக்களை நடத்துவோர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும், பிள்ளைகளுக்கு முறையாகச் சம்பளம் தந்தாக வேண்டும் என்று சட்டம் இயற்றி, அதற்கு அப்பெண்ணின் பெயரால் மலிண்டா சட்டம் என்று பெயரிட்டது. அத்தகைய ஒரு சட்டம் இங்கேயும் வேண்டும் என்று, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் கேட்கலாம். அவர்களும் கதவைத் தட்டித்தானே வருகிறார்கள்.

அந்தப் பிள்ளை எங்கள் வாசலுக்கு வந்த அன்று சாயங்காலமே அவனைக் குடியாத்தத்துக்குப் போன் செய்ய வைத்தோம். அரைமணி நேரம் மறுத்தான். கடைசியில் என் மனைவியே போனை வாங்கி அவன் அம்மாவிடம் பேசினாள், மறுமுனையில் அந்த அம்மாள் தோட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, "சாப்ட்டானாம்மா?" என்றுதான் கேட்டார்களாம். இரண்டு நாள் கழித்துத் தகப்பனார் வந்தார். அவரும் நானும், என் பழைய மாணவராகிய ஒரு வக்கீலும் அந்த ஆபீஸுக்குப் போனோம். முதலில் மேனேஜர் இல்லை என்றார்கள். சான்றிதழைப் பிடித்து வைத்திருப்பது பற்றியும், ஏமாற்றுதலுக்குத் தண்டனை விதிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு பற்றியும் வக்கீல் நிதானமாக எடுத்துச் சொல்லி, புகார் மனுவின் நகலை மேஜைமேல் வைத்ததும், பக்கத்து அறையிலிருந்தே மேனேஜர் வந்தார். மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் பத்து நிமிஷத்தில் கைக்கு வந்தன. பணம் 'தலைமை ஆபீஸிலிருந்து வரும்' என்றார்கள். புகாரைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். மறுநாள் எங்கள் தெரு முனையில் தகப்பனும் மகனும் வேலூர் பஸ் ஏறினார்கள். தோளில் பை இல்லாமல் அவன் நடக்கையில் ஒரு பக்கம் சாய்ந்தே நடந்ததை என் மனைவி கவனித்துச் சொன்னாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். வாசலுக்கு வரும் பிள்ளையிடம் பொருளை வாங்க வேண்டியதில்லை, வாங்கவும் கூடாது. அந்தப் பணம் அவனுக்குப் போவதில்லை. ஆனால் கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, "சர்டிபிகேட் உன்கிட்ட இருக்கா தம்பி, வீட்டுக்குப் பேசினியா?" என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணையும், பொருள் வாங்கி ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண்ணையும் அழைக்கலாம். ஊரிலே உறவுக்காரப் பிள்ளைகள் சென்னைக்கு வேலை என்று கிளம்பினால், பணம் கட்டச் சொன்னார்களா என்று கேளுங்கள். சம்பளம் தரப்போகிறவன் முதலில் பணம் கேட்கமாட்டான்.

அவன் இப்போது வேலூரில் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறான். 7,500 ரூபாய் இன்னும் வரவில்லை. அவன் அழைத்து வந்த நண்பன் அடுத்த மாதம் டீம் லீடர் ஆகிவிடுவதாகச் சொல்லி, எவ்வளவு கூப்பிட்டும் வராமல், அம்பத்தூர் அறையிலேயே இருக்கிறான்.